லோன் மாடிஃபிகேஷன் ஃபைல் ரெடி பண்றது எப்படி: டெக்சாஸ்ல எங்க வீட்டுக்கு நாங்க பண்ணினது

வீட்டு லோன் தவணை கட்ட முடியாத நிலைமை வந்தா அமெரிக்காவுல இருக்கிற நம்ம ஆளுங்க முதல்ல ரிட்டையர்மென்ட் சேமிப்பான 401கேல கை வைப்போம், அப்புறம் கிரெடிட் கார்டு, அப்புறம் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கைமாத்து, அப்புறம் ஊர்ல அம்மாவோட நகை. இதெல்லாம் தீர்ந்தப்புறம்தான் லோன் கம்பெனிக்கு ஃபோன் போடுவோம். அந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடணும்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். லோன் மாடிஃபிகேஷன்னு ஒண்ணு இருக்கு, இருக்கிற லோனோட கண்டிஷனையே மாத்தி மாசத் தவணையைக் குறைக்கிறது. இது ரீஃபைனான்ஸ் இல்ல. புது லோன் கிடையாது, நல்ல கிரெடிட் ஸ்கோர் கேட்கிறதில்ல, க்ளோசிங் காஸ்ட்டும் கிடையாது. ஆனா பேப்பர் வேலை ரொம்ப அதிகம், அந்தப் பேப்பர் வேலையிலதான் பாதிப் பேர் விட்டுடறாங்க.

நாங்க இருக்கிறது டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோல. எங்க வீட்டுக்காரருக்கு ஐடி வேலை போயி, கொஞ்ச மாசம் கழிச்சு கான்ட்ராக்ட்ல ஒரு வேலை கிடைச்சது, ஆனா சம்பளம் பழையதுல மூணுல ரெண்டு பங்கு கூட வரல. நான் வீட்டுலயே ப்ளவுஸ் தைக்கிறேன், ஃபால்ஸ் பீக்கோ, புடவைக்கு முன்னாடியே ப்ளீட் எடுத்துக் கொடுக்கிறது, கல்யாண சீசன்ல ஆரி வேலை. டெக்சாஸ்ல ஸ்டேட் இன்கம் டாக்ஸ் இல்லன்னு சந்தோஷமா வந்து வீடு வாங்குறோம், ஆனா அந்தப் பணம் ப்ராப்பர்ட்டி டாக்ஸா போயிடும், அது எஸ்க்ரோல, அதாவது டாக்ஸுக்கும் இன்சூரன்ஸுக்கும் தவணையோட சேர்த்துப் பிடிச்சு வைக்கிற கணக்குல, ஏறும்போது தவணையும் சேர்ந்து ஏறும். சம்பளம் குறைஞ்ச அதே நேரத்துல எஸ்க்ரோ ஷார்ட்டேஜ், அந்தக் கணக்குல பணம் பத்தலன்னு லெட்டரும் வந்தது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தப்பதான் இது சமாளிச்சுடற விஷயம் இல்ல, லோனையே மாத்தணும்னு முடிவு பண்ணினோம். ஃபைல் முழுக்க நான்தான் பார்த்துக்கிட்டேன், அவருக்கு வேலையில மூச்சு விட நேரமில்ல.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். வருமானமே இல்லாத நேரத்துல மாடிஃபிகேஷன் கேட்டா பெரும்பாலும் நடக்காது, ஏன்னா குறைச்ச தவணையையாவது இவங்களால கட்ட முடியுமான்னு அவங்க பார்க்கணுமே. வேலை தேடிட்டு இருக்கிற காலத்துக்கு ஃபோர்பேரன்ஸ், அதாவது கொஞ்ச மாசத்துக்குத் தவணையை நிறுத்தியோ குறைச்சோ வைக்கிறது, அதைக் கேளுங்க. வருமானம் திரும்ப வந்து, ஆனா பழைய அளவு வராதுன்னு தெரிஞ்சப்புறம்தான் மாடிஃபிகேஷன். எச்1பி வேலை விசாவுல இருந்து வேலை போனவங்களுக்கு இந்த நாட்டுல இருக்கிறதுக்கே 60 நாள் கெடு வேற தலைமேல இருக்கும், அவங்க வீட்டை வச்சுக்கிறதா வித்துடறதாங்கிற முடிவை முதல்ல எடுத்துட்டு அப்புறம் இதுக்கு வாங்க.

அடுத்தது, உங்க லோன் யாரோடதுன்னு கண்டுபிடிங்க. மாசாமாசம் நாம பணம் கட்டுற கம்பெனி வெறும் சர்வீசர், வசூல் பண்ணி அனுப்பி வைக்கிறவங்க. லோனுக்குச் சொந்தக்காரர் வேற யாராவது இருப்பாங்க. லோன்களை வாங்கி வச்சுக்கிற பெரிய நிறுவனங்களான ஃபேனி மேவா, ஃப்ரெடி மேக்கா, எஃப்எச்ஏ, விஏ மாதிரி கவர்ன்மென்ட் அமைப்பு உத்தரவாதம் கொடுத்த லோனா, இல்ல ப்ரைவேட்டாங்கிறதைப் பொறுத்துத்தான் என்ன கிடைக்கும்னு இருக்கு. ஃபேனி மே, ஃப்ரெடி மேக் ரெண்டு பேரோட வெப்சைட்லயும் வீட்டு அட்ரஸ், பேர் போட்டுப் பார்க்கிற வசதி இருக்கு, ரெண்டு நிமிஷம் ஆகாது. எங்களது ஃபேனி மே, அதனால ஃப்ளெக்ஸ் மாடிஃபிகேஷன்னு ஒரு ப்ரோக்ராம். 2009ல ஆரம்பிச்சு 2016 கடைசியில முடிஞ்சுபோன ஹேம்ப்ங்கிற கவர்ன்மென்ட் மாடிஃபிகேஷன் திட்டத்துக்குப் பதிலா வந்தது இது. பாக்கியை அசல்ல சேர்த்து, காலத்தை 480 மாசம் வரைக்கும் நீட்டி, தவணையில அசலும் வட்டியும் சேர்ந்த பகுதியை 20% குறைக்கிறது இதோட இலக்கு.

எஃப்எச்ஏ லோனா இருந்தா கணக்கே வேற. அங்க மாடிஃபிகேஷன் பண்ணினா வட்டி அன்னைய மார்க்கெட் ரேட்டுக்கு வந்துடும். 2021 ஜனவரில 30 வருஷ லோனோட சராசரி வட்டி 2.65% வரைக்கும் இறங்கியிருந்தது, அந்தச் சமயத்துல லோன் எடுத்தவங்க மாடிஃபிகேஷன்ல கையெழுத்துப் போட்டா தவணை ஏறித்தான் போகும். அவங்களுக்கு பார்ஷியல் க்ளெய்ம்னு ஒண்ணு இருக்கு, பாக்கித் தொகையை மட்டும் தனியா எடுத்து வட்டியில்லாத ரெண்டாவது லோனா ஓரமா வச்சுடுவாங்க, வீட்டை விக்கும்போதோ ரீஃபைனான்ஸ் பண்ணும்போதோ லோன் முடியும்போதோ கட்டினா போதும். ஆக, யார் லோன்னு தெரியாம ஃபோன் போட்டு எனக்கு மாடிஃபிகேஷன் வேணும்னு கேட்கக் கூடாது. எனக்கு என்னென்ன ஆப்ஷன் இருக்கு, எல்லாத்துக்கும் சேர்த்து ரிவ்யூ பண்ணுங்கன்னு கேட்கணும்.

இப்ப நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைக்கிற விஷயத்துக்கு வர்றேன். ஃபெடரல் சட்டத்துல ரெகுலேஷன் எக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல 2014 ஜனவரி 10ல இருந்து அமல்ல இருக்கிற விதிகள் நம்மைக் காப்பாத்துது. ரொம்பச் சின்ன சர்வீசர்களுக்கு சில விலக்கு உண்டு, மத்த எல்லாருக்கும் பொருந்தும். தவணை தவறி 120 நாள் தாண்டாம ஃபோர்க்ளோஷருக்கான, அதாவது கடனுக்காக வீட்டை எடுத்து ஏலம் விடுறதுக்கான, முதல் சட்ட நோட்டீஸே கொடுக்கக் கூடாது. அப்ளிகேஷன் போய்ச் சேர்ந்தா 5 வேலை நாளுக்குள்ள வந்து சேர்ந்ததுன்னும், எது குறையுதுன்னும் எழுத்துல சொல்லணும். முழுசா சேர்ந்த அப்ளிகேஷனை 30 நாளுக்குள்ள பார்த்துப் பதில் சொல்லணும், பார்த்துட்டு இருக்கும்போதே இன்னொரு பக்கம் வீட்டை ஏலத்துக்குக் கொண்டு போகக் கூடாது. இவ்வளவு பாதுகாப்பு இருக்கு. ஆனா இதுல முக்கால்வாசி எப்ப உயிர் பெறும்னா, அப்ளிகேஷன் முழுசா சேர்ந்தப்புறம்தான். ஒரு பேப்பர் குறைஞ்சாலும் அந்த 30 நாள் கடிகாரம் ஓட ஆரம்பிக்காது. அனுப்பிட்டேன் அனுப்பிட்டேன்னு நாம சொல்லிட்டு இருப்போம், அவங்க சிஸ்டத்துல அரைகுறையாவே கிடக்கும், ஏலத் தேதி மட்டும் கிட்ட வந்துட்டே இருக்கும்.

டெக்சாஸ்ல இது இன்னும் ஆபத்து, ஏன்னு சொல்றேன் கேளுங்க. இங்க கோர்ட்டுக்கே போகாம ஏலம் விடலாம், மாசத்தோட முதல் செவ்வாய்க்கிழமை கவுன்ட்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நடக்கும். பாக்கியைக் கட்டுங்கன்னு குறைஞ்சது 20 நாள் டைம் கொடுத்து ஒரு லெட்டர், அப்புறம் ஏலத்துக்கு 21 நாள் முன்னாடி ஏல நோட்டீஸ், அவ்வளவுதான். ஆனா ஃபெடரல் விதிப்படி ஏலத்தை நிறுத்துற பாதுகாப்பு வேணும்னா முழு அப்ளிகேஷன் ஏலத்துக்கு 37 நாளைக்கு மேல இருக்கும்போதே போய்ச் சேர்ந்திருக்கணும். கணக்குப் போட்டுப் பாருங்க, ஏல நோட்டீஸ் 21 நாள் முன்னாடி வருதுன்னா, அது கைக்கு வரும்போதே அந்த 37 நாள் எல்லை தாண்டிப் போயிருக்கும்! நோட்டீஸ் வரட்டும் பார்த்துக்கலாம்னு இங்க இருக்கவே முடியாது. அதே விதியில இன்னொரு நல்ல விஷயமும் இருக்கு, ஏலத் தேதியே குறிக்காத நிலையில முழு அப்ளிகேஷன் போயிட்டா, அது ஏலத்துக்கு 90 நாளைக்கு முன்னாடியே வந்ததாத்தான் கணக்கு, அப்பீல் உரிமையும் சேர்ந்து கிடைக்கும். அதனால ஒரு தவணை தவறப் போகுதுன்னு தெரியும்போதே ஃபைலை ஆரம்பிச்சுடணும்.

அப்ளிகேஷன் ஃபார்ம் ஃபேனி மே, ஃப்ரெடி மேக்குக்கு ஃபார்ம் 710, சில சர்வீசர் அவங்களோட சொந்த ஃபார்ம் கொடுப்பாங்க. ஃபார்ம் நிரப்புறது கஷ்டமே இல்ல. அதுல போடுற ஒவ்வொரு நம்பரும் கூட வைக்கிற ஒவ்வொரு பேப்பரோடயும் ஒத்துப் போகணும், அதுதான் கஷ்டம். நம்ம ஃபைலைப் பார்க்கிறவங்க நம்மகிட்ட பேசப் போறதில்ல, நம்ம முகத்தைப் பார்க்கப் போறதில்ல. அளவு ப்ளவுஸை மட்டும் அனுப்பிட்டு ஆள் வராத கஸ்டமருக்கு நான் தைக்கிற மாதிரி, அந்த ப்ளவுஸ்ல என்ன அளவு இருக்கோ அதுதான் எனக்குத் தெரியும். அவங்களுக்கும் பேப்பர்ல இருக்கிறதுதான் தெரியும்.

ஏன் தவணை கட்ட முடியலன்னு விளக்குற ஹார்ட்ஷிப் லெட்டர்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா எல்லாரும் அதுலதான் ரொம்ப நேரம் செலவழிக்கிறாங்க. நெட்ல கிடைக்கிற மாதிரி லெட்டர்ல அழுகையும் கெஞ்சலுமா இருக்கும், அதெல்லாம் வேண்டாங்க. ஒரே பக்கம் போதும். எந்த மாசம் என்ன ஆச்சு, அதுக்கு முன்னாடி வருமானம் எவ்வளவு, இப்ப எவ்வளவு, இந்தக் குறைவு தற்காலிகமா நிரந்தரமா, வீட்டுல தொடர்ந்து இருக்க விரும்புறோம், இவ்வளவு தவணைன்னா எங்களால கட்ட முடியும். இதுல நிரந்தரமா இல்லையாங்கிறது ரொம்ப முக்கியம். சீக்கிரமே எல்லாம் சரியாயிடும்னு நம்பிக்கையா எழுதணும்னு நமக்குத் தோணும், அப்படி எழுதினா அவங்க ரீபேமென்ட் ப்ளான் கொடுத்துடுவாங்க, அதாவது வழக்கமான தவணையோட பாக்கியையும் துண்டு துண்டா சேர்த்துக் கட்டணும், தவணை இன்னும் ஏறும். எங்களுக்கு உண்மையே வருமானம் குறைஞ்சு நின்னுடுச்சுங்கிறதுதான், அதை அப்படியே எழுதினேன். வேலை போன லெட்டர், புது கான்ட்ராக்ட்டோட ஆஃபர் லெட்டர், எஸ்க்ரோ ஏறின லெட்டர் மூணையும் பின்னாடி வச்சேன். லெட்டர்ல சொல்ற ஒவ்வொரு தேதியும் இந்தப் பேப்பர்ல இருக்கணும்.

வருமானம். சம்பளக்காரங்களுக்குச் சுலபம், கடைசி 30 நாள் பே ஸ்டப், அதாவது சம்பளச் சீட்டு, அதுல இந்த வருஷம் இதுவரைக்கும் வாங்கின மொத்தம் தெரியணும். கையில வர்ற பணத்தை இல்ல, பிடித்தத்துக்கு முன்னாடி இருக்கிற க்ராஸ் தொகையை ஃபார்ம்ல போடணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சம்பளம்னா வருஷத்துக்கு 26 சம்பளம், அதனால 26ஆல பெருக்கி 12ஆல வகுத்தாத்தான் மாச வருமானம் வரும், வெறுமனே ரெண்டால பெருக்கினா குறைவாத் தெரியும், அவங்க கணக்கும் நம்ம கணக்கும் முட்டிக்கும்.

என் தையல் வருமானம்தான் பெரிய வேலை. சொந்தமாத் தொழில் பண்றவங்க பி அண்ட் எல், அதாவது வரவு செலவுக் கணக்கு ஒண்ணு கொடுக்கணும், இந்த வருஷம் ஆரம்பிச்ச தேதியில இருந்து இன்னைக்கு வரைக்கும், கையெழுத்தும் தேதியும் போட்டு. அக்கவுன்டன்ட் பண்ணித் தரணும்னு கட்டாயம் எங்ககிட்ட கேட்கல, நானே ஒரு பக்கத்துல பண்ணினேன். தையல் கூலி, ஆரி கூலி மேல. நூல், லைனிங், ஜரிகை, மணி, மெஷின் சர்வீஸ், தபால் செலவு கீழ. மிச்சம் நிகர வருமானம். கஸ்டமருங்க எல்லாம் ஜெல்ங்கிற (Zelle) ஃபோன் வழி பணம் அனுப்புற வசதியில அனுப்புவாங்க, நானே உட்கார்ந்து பேங்க் ஸ்டேட்மென்ட்ல வந்த ஒவ்வொரு ஜெல் வரவையும் அந்த பி அண்ட் எல்லோட சேர்த்துப் பார்த்தேன். சில பேர் லைனிங் துணிக்கும் சேர்த்து அனுப்பியிருப்பாங்க, சில பேர் ரெண்டு ஆர்டருக்கு ஒரே தடவையா. மாசக் கடைசியில ஸ்டேட்மென்ட்ல வந்த மொத்தமும் பி அண்ட் எல்ல இருக்கிற மொத்தமும் ஒண்ணா இருந்தாத்தான் ரிவ்யூ பண்றவங்களுக்குக் கேள்வி வராது. போன வருஷ டாக்ஸ் ரிட்டர்ன்ல சொந்தத் தொழில் கணக்கைக் காட்டுற ஷெட்யூல் சியும் இருக்கணும், அதுல இருக்கிற தொழில் பேரும் பி அண்ட் எல்ல போடுற பேரும் ஒண்ணாவே இருக்கட்டும். ட்யூஷன் எடுக்கிறவங்க, பாட்டு கிளாஸ், பரதம் கிளாஸ் எடுக்கிறவங்க, டேகேர் வச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் இதே கதைதான்.

பேங்க் ஸ்டேட்மென்ட் ரெண்டு மாசத்துக்கு, எல்லா அக்கவுன்ட்டுக்கும், எல்லாப் பக்கமும். கடைசிப் பக்கம் வெறுமையா இருந்தாலும் சேர்த்து அனுப்பணும், பக்கம் 1, மொத்தம் 6னு அச்சடிச்சிருந்தா ஆறையும் எண்ணிப் பார்ப்பாங்க. ஆப்ல இருந்து எடுத்த ஸ்க்ரீன்ஷாட் செல்லாது, பேங்க்கோட பிடிஎஃப் வேணும்.

நம்ம ஆளுங்க ஸ்டேட்மென்ட்ல ரெண்டு விஷயம் கண்டிப்பா இருக்கும். ஒண்ணு ஊருக்கு அனுப்புற பணம். மாமியாருக்கு மருந்துச் செலவுக்கு நாங்க மாசாமாசம் அனுப்புறோம், அதை மறைக்காம செலவுப் பட்டியல்லயே போட்டேன், ஸ்டேட்மென்ட்ல தெரியத்தான் போகுது. ரெண்டாவது, நெருக்கடியில ஃப்ரெண்ட்ஸும் சொந்தக்காரங்களும் அனுப்பின பணம். இது வரவா வந்திருக்கும், நாம விளக்கம் கொடுக்கலேன்னா வருமானம்னு எடுத்துப்பாங்க. சம்பளம் இல்லாத ஒவ்வொரு பெரிய வரவுக்கும் ஒரு விளக்கக் கடிதம் வைங்க, தேதி, தொகை, யார் அனுப்பினாங்க, இது கடன், வருமானம் இல்ல, தொடர்ந்து வராதுன்னு.

பேர் விஷயம் நம்ம தமிழ்க்காரங்களுக்குன்னே இருக்கிற சிக்கல். அவரோட லோன் பேப்பர்ல சொந்தப் பேர், அப்புறம் அப்பா பேர் லாஸ்ட் நேமா. கம்பெனி பே ஸ்டப்ல அப்பா பேர் முன்னாடி வந்து சொந்தப் பேர் பின்னாடி. எனக்கு பாஸ்போர்ட்ல அப்பா பேர், டாக்ஸ் ரிட்டர்ன்ல அவர் பேர், ஒரு பேங்க்ல வெறும் இனிஷியல். நமக்கு இது சாதாரணம், ஆனா ஃபைலைப் பார்க்கிறவங்களுக்கு இது அஞ்சு தனித்தனி ஆள். அவரோட ரெண்டு விதமான பேரும் ஒரே ஆள், என்னோட மூணு விதமான பேரும் ஒரே ஆள்தான்னு ஒரு நேம் அஃபிடவிட் டைப் பண்ணி, நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டு, ஃபைலோட முதல் பக்கமா வச்சேன். நோட்டரி பெரும்பாலும் நம்ம பேங்க்லயே பண்ணிக் கொடுப்பாங்க. பேர் சம்பந்தமா ஒரு கேள்வி கூட திரும்பி வரல. அப்பா பேரை இனிஷியலா வச்சிருக்கிற எல்லாரும் கேட்கிறதுக்கு முன்னாடியே இதைப் பண்ணி வச்சுடுங்க.

சொத்துப் பகுதியில 401கே, ஐஆர்ஏங்கிற இன்னொரு ரிட்டையர்மென்ட் சேமிப்பு, பிள்ளைங்க படிப்புக்குப் போட்ட 529 இதெல்லாம் சேர்க்க வேண்டாம்னு ஃபார்ம் 710லயே போட்டிருக்கு. அதனாலதான் சொல்றேன், 401கேவை உடைச்சு தவணை கட்டுறதுக்கு முன்னாடி இந்த ஃபார்மை நிரப்பிடுங்கன்னு. உடைச்சா பெனால்டியும் போகும், டாக்ஸும் போகும், அந்தப் பணம் செக்கிங் அக்கவுன்ட்ல வந்து உட்கார்ந்தா சொத்துன்னும் கணக்காயிடும். ஊர்ல இருக்கிற ஃபிக்சட் டெபாசிட், என்ஆர்ஐ அக்கவுன்ட்? அதெல்லாம் எழுதணும். இங்க யாருக்குத் தெரியும்னு சில பேர் அறிவுரை சொல்வாங்க, தயவு செஞ்சு கேட்காதீங்க. டாக்ஸ் ரிட்டர்ன்ல அந்த வட்டியைக் காட்டியிருப்போம், அதே ரிட்டர்ன் இந்த ஃபைல்ல போகுது. அது போக இதுல பொய் எழுதிக் கையெழுத்துப் போடுறது ஃபெடரல் குற்றம். எங்களுக்கு ஊர்ல இருந்தது சின்னத் தொகை, எழுதினோம், அதனால ஒண்ணும் நின்னு போகல.

ஐஆர்எஸ், அதாவது ஃபெடரல் வருமான வரித் துறையோட ஃபார்ம் 4506-சின்னு ஒண்ணு கூடவே வரும், நம்ம டாக்ஸ் விவரத்தை ஐஆர்எஸ்கிட்ட நேரா வாங்கிக்க நாம கொடுக்கிற அனுமதி. அதுல அட்ரஸ் கடைசியா ஃபைல் பண்ணின ரிட்டர்ன்ல இருக்கிறதோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும். வீடு மாறியிருந்தா பழைய அட்ரஸுக்கு இடம் இருக்கு, அங்க போடுங்க.

அனுப்புறது எப்படின்னா, போர்ட்டல்ல அப்லோட் பண்ணினாலும் ஒவ்வொரு தடவையும் கன்ஃபர்மேஷன் பக்கத்தை பிடிஎஃப்பா எடுத்து வைங்க. தபால்ல அனுப்பினா சர்ட்டிஃபைடு மெயில். ஒவ்வொரு பக்கத்துலயும் லோன் நம்பர் எழுதுங்க, கூட்டத்துல ஒரு பக்கம் பிரிஞ்சு போனாலும் நம்ம ஃபைலுக்கே வந்து சேரும். ஃபோன் பேசினா தேதி, நேரம், பேசினவங்க பேர், என்ன சொன்னாங்கன்னு ஒரு நோட்டுல எழுதிட்டே வாங்க, பேசி முடிச்சதும் அதையே போர்ட்டல்ல மெசேஜா போட்டுடுங்க, இன்னைக்கு இப்படிப் பேசினோம், இந்தப் பேப்பர் மட்டும்தான் பாக்கின்னு சொன்னீங்கன்னு. சர்வீசர் ஒரு ஆளையோ ஒரு டீமையோ நமக்குன்னு ஒதுக்கணும்கிறதும் விதியிலயே இருக்கு, அந்தப் பேரைக் கேட்டு வாங்குங்க.

பேப்பருக்கு வயசு இருக்கு, இதையும் மறக்காதீங்க. நாம கொடுத்த பே ஸ்டப்பும் ஸ்டேட்மென்ட்டும் ரிவ்யூ இழுத்துட்டே போனா பழசாயிடும், திரும்பக் கேட்பாங்க, அந்த நேரத்துல இன்னொண்ணு பழசாயிடும். நான் அவங்க கேட்கிற வரைக்கும் காத்திருக்கல. மாசம் பிறந்ததும் புது ஸ்டேட்மென்ட், புது பே ஸ்டப், புது பி அண்ட் எல் மூணையும் தானாவே ஏத்திடுவேன். ஃபைல் முழுசா சேர்ந்ததுன்னு அவங்க எழுத்துல கொடுத்த லெட்டர் வந்த அன்னைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

ஆனா முதல் பதில் இல்லன்னு வந்தது. மறுப்பு லெட்டர்ல காரணம் சொல்லியாகணும், அதையும் சேர்த்துப் படிச்சா, எங்க வருமானம்னு அவங்க எடுத்துக்கிட்ட தொகை எங்க நிஜ வருமானத்தை விட ரொம்ப அதிகமா இருந்தது. பேனா எடுத்து உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். தையலுக்குச் செலவு போக மிச்சத்தை எடுக்காம மொத்த வரவை எடுத்திருக்காங்க, அவரோட சித்தப்பா பையன் கடனாக் கொடுத்த பணத்தையும் அதுல சேர்த்திருக்காங்க, விளக்கக் கடிதம் ஃபைல்லயே இருந்தும். ரெண்டையும் கழிச்சா எங்க நம்பர் அப்படியே வருது. இந்த மாதிரி மறுப்பு வந்தா முடிஞ்சுபோச்சுன்னு நினைக்காதீங்க. முழு அப்ளிகேஷன் சரியான நேரத்துல போயிருந்தா அப்பீல் பண்ண 14 நாள் இருக்கு, முதல்ல பார்த்த ஆளே திரும்பப் பார்க்கக் கூடாது, 30 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். அப்பீல்ல வருத்தமெல்லாம் எழுதல, உங்க நம்பர் இது, எங்க நம்பர் இது, வித்தியாசம் இந்த ரெண்டு இடத்துல, ஆதாரம் ஃபைல்ல இன்ன பக்கம்னு ஒரே ஒரு பக்கம். ஃபைல்ல எல்லாப் பக்கத்துக்கும் நம்பர் போட்டு வச்சிருந்தது அப்பத்தான் பயன்பட்டது. அப்பீல்ல ஜெயிச்சோம்.

இதெல்லாம் தனியா பண்ண முடியுமான்னு மலைப்பா இருந்தா, ஹட், அதாவது ஃபெடரல் வீட்டு வசதித் துறையோட அங்கீகாரம் பெற்ற ஹவுசிங் கவுன்சலர்னு இருக்காங்க, வீடு ஏலத்துக்குப் போகாம தடுக்கிற உதவிக்குக் காசு வாங்க மாட்டாங்க. 888-995-4673ங்கிற நம்பர்ல கூப்பிட்டா கோத்து விடுவாங்க. நான் ஒரு அம்மாகிட்ட பேசினேன், ரொம்பப் பொறுமையா என் பி அண்ட் எல்லைப் பார்த்து ரெண்டு திருத்தம் சொன்னாங்க. நாம எழுதிக் கொடுத்தா நமக்காக சர்வீசர்கிட்ட அவங்களே பேசவும் செய்வாங்க. சர்வீசர் பதிலே சொல்லாம இழுத்தா நீங்க பண்ணினது தப்புன்னு சுட்டிக்காட்டுற நோட்டீஸ் ஆஃப் எரர்னு எழுத்துல ஒண்ணு அனுப்பலாம், அதுக்குன்னு அவங்க தனி அட்ரஸ் கொடுத்திருப்பாங்க, ஸ்டேட்மென்ட்லயோ வெப்சைட்லயோ பாருங்க, பணம் கட்டுற அட்ரஸுக்கு அனுப்பினா கணக்குல வராது. அதுக்கும் அசையலேன்னா சிஎஃப்பிபிங்கிற ஃபெடரல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்புல ஆன்லைன் கம்ப்ளெய்ன்ட்.

காசு கேட்கிறவங்ககிட்ட மட்டும் போகாதீங்க. ஏல நோட்டீஸ் கவுன்ட்டில பதிவாகுறது பப்ளிக் ரெக்கார்டு, அதை எடுத்து லெட்டர் அனுப்புறதே தொழிலா வச்சிருக்கிற கும்பல் இருக்கு. கவர்ன்மென்ட் லெட்டர் மாதிரியே இருக்கும். மாடிஃபிகேஷன் வாங்கித் தர்றோம், முன்பணமா சில ஆயிரம் டாலர் கொடுங்க, சர்வீசர்கிட்ட பேசாதீங்க, தவணையை எங்களுக்கே அனுப்புங்கம்பாங்க. 2011ல இருந்து அப்படி முன்பணம் வாங்குறது சட்டப்படி தப்பு, சர்வீசர் எழுத்துல ஆஃபர் கொடுத்து நாம அதை ஏத்துக்கிட்டப்புறம்தான் இந்த மாதிரி கம்பெனி காசே வாங்கலாம். வக்கீல்களுக்குத் தனி விதி. வீட்டுப் பத்திரத்தை எங்க பேருக்கு மாத்திக் கொடுங்க, பின்னாடி திருப்பித் தர்றோம்னு யாராவது சொன்னா பேச்சை அங்கயே நிறுத்திடுங்க.

ஆஃபர் வந்தா சந்தோஷத்துல உடனே கையெழுத்துப் போட்டுடாதீங்க, கணக்குப் போடுங்க. எங்களது வேண்டாம், ஒரு உதாரணம் சொல்றேன். 3,80,000 டாலர் பாக்கி, 6.5% வட்டி, இன்னும் 28 வருஷம், அசலும் வட்டியும் மாசம் சுமார் 2,459. தவறின தவணையெல்லாம் சேர்த்து 20,000 அசல்ல ஏறி 4,00,000 ஆயிடுச்சு, அதே வட்டியில 40 வருஷத்துக்கு நீட்டினா மாசம் சுமார் 2,342. 117 டாலர்தான் குறையுது! ஆனா கடைசி வரைக்கும் கட்டுற மொத்தம் 8.26 லட்சத்துல இருந்து 11.24 லட்சமா ஏறிடும். வெறும் காலத்தை நீட்டுறது மட்டும் அதிகம் உதவாது, வட்டி குறையணும், இல்ல அசல்ல ஒரு பகுதியை வட்டியில்லாம கடைசிக்குத் தள்ளி வைக்கணும். அதனால வட்டி எவ்வளவு, எத்தனை மாசம், தள்ளி வச்ச தொகை எவ்வளவு, அது எப்ப கட்டணும், இந்த நாலையும் ஆஃபர்ல தேடுங்க. இருந்தும் இப்ப வீட்டைக் காப்பாத்த மாசத் தவணை குறையணும்னா 40 வருஷத்தையும் ஏத்துக்கலாம்னுதான் நான் சொல்வேன், சம்பளம் ஏறினப்புறம் அசலுக்குன்னு கூடுதலாக் கட்டி காலத்தைக் குறைச்சுக்கலாம்.

கையெழுத்துப் போட்டதும் முடிஞ்சுடாது, முதல்ல ட்ரையல், அதாவது புதுத் தவணையைக் கட்டிக் காட்டுற சோதனைக் காலம், வழக்கமா 3 மாசம். புதுத் தொகையை அந்தந்த மாசத்துக்குள்ள கட்டணும், ஒண்ணு தவறினாலும் மொத்தமும் போயிடும். போர்ட்டல்ல பழைய தவணைத் தொகைதான் காட்டிட்டு இருக்கும், ஆட்டோ பே அதை எடுக்கப் பார்க்கும், அதனால ஆட்டோ பேவை நிறுத்திட்டு எந்த வழியில ட்ரையல் தொகையைக் கட்டணும்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. இந்த நேரத்துல கூட தவணை பாக்கின்னு லெட்டர் வந்துட்டே இருக்கும், கிரெடிட் ரிப்போர்ட்டும் உடனே சரியாகாது, பதறாதீங்க, ட்ரையல் தொகை போய்ச் சேர்ந்த ரசீது மட்டும் பத்திரமா இருக்கட்டும். ட்ரையல் முடிஞ்சதும் ஃபைனல் அக்ரிமென்ட் வரும், பத்திரத்துல பேர் இருக்கிற எல்லாரும் நோட்டரி முன்னாடி போடணும், சொன்ன தேதிக்குள்ள திருப்பி அனுப்பணும். எங்களுக்கு அந்த நேரம் அவர் ஊருக்குப் போக வேண்டியிருந்தது, அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, அவர் கையெழுத்துப் போட்டுட்டு அன்னைக்கு ராத்திரிதான் ஃப்ளைட் ஏறினார்.

அப்புறம் எஸ்க்ரோ. மாடிஃபிகேஷன் அசலையும் வட்டியையும்தான் தொடும், ப்ராப்பர்ட்டி டாக்ஸும் இன்சூரன்ஸும் ஏறினா தவணை திரும்ப ஏறும். எஸ்க்ரோ ஷார்ட்டேஜை 60 மாசத்துக்குப் பிரிச்சுக் கட்டுற வசதி இருக்கு, கேட்டு வாங்குங்க. டெக்சாஸ்ல சொந்த வீட்டுல குடியிருக்கிறவங்களுக்கு ஸ்கூல் டாக்ஸ்ல ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன் இருக்கு, வீட்டு மதிப்புல ஒரு தொகையைக் கழிச்சுட்டு மிச்சத்துக்குத்தான் அந்த டாக்ஸ், அந்தத் தொகையை 2023ல 1 லட்சம் டாலராவும் 2025ல 1,40,000 டாலராவும் ஏத்தினாங்க. அது உங்க வீட்டுக்குப் பதிவாகியிருக்கான்னு டாக்ஸுக்காக வீட்டு மதிப்பைப் போடுற அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்ல வீட்டு அட்ரஸ் போட்டுப் பாருங்க, இல்லன்னா அங்கயே இலவசமா அப்ளை பண்ணலாம், அதுக்கும் காசு கேட்டு லெட்டர் வரும், கிழிச்சுப் போடுங்க. வீட்டு மதிப்பை அதிகமாப் போட்டிருந்தா ப்ரொடெஸ்ட் பண்ண பொதுவா மே 15 வரைக்கும் டைம், மதிப்பு நோட்டீஸ் லேட்டா வந்திருந்தா அந்த லெட்டரை அவங்க அனுப்பின தேதியில இருந்து 30 நாள். நாங்க பக்கத்துல வித்த வீடுங்களோட விலையை எடுத்துட்டுப் போய்ப் பேசினோம், மதிப்பைக் குறைச்சாங்க, அடுத்த எஸ்க்ரோ லெட்டர்லயே வித்தியாசம் தெரிஞ்சது.